அண்ணி அணைத்த கற்பூரம்

போன தேர்தலில் எங்கள் தெருவுக்கு ஒரு வேட்பாளரின் மனைவி ஓட்டுக் கேட்டு வந்தார். விழுப்புரத்தில் நான் குடியிருக்கும் தெரு ரொம்பச் சின்னது. ஒரு ஷேர் ஆட்டோ நின்றுவிட்டால் இன்னொன்று திரும்ப முடியாது. அதில் முப்பது பேர் சூழ, தலை நிறைய மல்லிகைப்பூவும் நெற்றி நிறைய வியர்வையுமாக அந்தப் பெண் வீடு வீடாகக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். எங்கள் வாசலில் நின்று மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "மறந்துடாதீங்க அக்கா" என்றார். அவர் அடுத்த வீட்டுக்கு நகர்ந்ததும் மருமகள் என்னிடம் சொன்னாள்: "நல்ல மாதிரி தெரியறாங்க மாமா. இவங்க இப்படி இருந்தா அவரும் தப்பான ஆளா இருக்கமாட்டாரு."

கையில் இருந்த டீயைக் குடித்து முடித்தேன். இதே வார்த்தையை நாற்பது வருஷத்துக்கு முன்னால் வேறு வாய்களில் கேட்டவன் நான். கேட்டதோடு நின்றிருந்தால் தேவலை. ஒரு ஊரே அந்த வார்த்தையை நம்பும்படி செய்ததில் எனக்கும் பங்கு உண்டு. உங்களிடம் சொல்வதற்கென்ன, நீங்கள் நம்ம ஆள்.

வாடிய மல்லிகைக்கும் வெயிலில் காய்ந்த ரெக்சினுக்கும் சேர்ந்து ஒரு வாசனை உண்டு. கார் ஓட்டிப் பிழைத்தவர்களுக்குத்தான் அது தெரியும். கல்யாணத்துக்குப் போய்வந்த வண்டியை மறுநாள் கதவு திறந்தால் முகத்தில் அடிக்கும். மருமகள் உள்ளே போன பிறகும் அந்தப் பெண்ணின் பூ வாசனை வாசலிலேயே நின்றது. எனக்கு ஒரு பழைய வெள்ளைக் காரின் பின் சீட்டு ஞாபகம் வந்துவிட்டது. அதில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அண்ணியும்.

அண்ணி என்றால் என் கூடப்பிறந்தவனின் மனைவி இல்லை. விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்த ஒருத்தரிடம் நான் டிரைவராக இருந்தேன். ஊரே அவரை அண்ணன் என்றது, நானும் அண்ணன் என்றேன். அப்புறம் அவர் மனைவியை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவர்கள் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பேரன் பேத்தி எடுத்த குடும்பம்.

எனக்கு அப்போது இருபத்தாறு, இருபத்தேழு வயது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். டிரைவர் வேலை என்றால் பாதி ஓட்டுவது, மீதி காத்திருப்பது. காத்திருக்கிற நேரத்தில் மசால்வடை மடித்த பேப்பரைக்கூட விடாமல் படித்துப் படித்துத்தான் எனக்கு நாலு எழுத்து வந்தது. அதைவிடப் பெரிய படிப்பு, ஜனங்கள் பேசுவதைக் கேட்பது. யாராவது நல்லதாக ஒரு சொலவடை சொன்னால் டிரிப் ஷீட்டின் பின்பக்கம் எழுதிவைத்துக்கொள்வேன். "வாய் இருக்கிற புள்ள பொழச்சுக்கும்" என்று அம்மா சொல்லும். பிழைத்துக்கொண்டேன். அந்த வாயைப் பற்றித்தான் இப்போது பேச வேண்டியிருக்கிறது.

அண்ணனுக்குச் சொந்த ஊர் திண்டிவனத்துக்கு வடக்கே, ஒலக்கூர் போகிற பக்கம் ஒரு கிராமம். நிலமும் வீடும் அண்ணியும் இரண்டு பையன்களும் அங்கே. மண்டி விழுப்புரத்தில். வாரத்தில் மூன்று நாள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வருவோம். நடுவில் திண்டிவனம். திண்டிவனத்தில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு ஓட்டு வீடு. முன்பக்கம் நாலு தையல் மிஷின் போட்டு, பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிற ஒரு அம்மா இருந்தார். அங்கே கார் ஒரு மணி நேரம் நிற்கும், சில நாள் இரண்டு மணி நேரம் நிற்கும். விவரம் புரிந்திருக்கும் உங்களுக்கு.

அந்த அம்மாவைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். எனக்குக் காபி கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கிற வரைக்கும் கதவோரம் நின்றுகொண்டே இருப்பார். "உக்காருங்கம்மா" என்றாலும் உட்காரமாட்டார். என் முன்னால் உட்கார என்ன கூச்சமோ. அவருக்கு ஒரு பெண் குழந்தை. அண்ணனின் மூக்கு அப்படியே.

கார் ஏன் திண்டிவனத்தில் நிற்கிறது என்ற கேள்வி எப்படியும் ஊருக்குப் போகும். போயிற்று. அண்ணி ஒரு நாள் சாதாரணமாகத்தான் கேட்டார். "வண்டி அங்க நின்னுக்கினு இருந்துச்சாமே தம்பி?" நான் யோசிக்கவே இல்லை. "ரேடியேட்டர் கொதிக்குது அண்ணி. ஆறவச்சுத்தான் எடுக்கணும்." அன்றிலிருந்து அந்தக் காரின் ரேடியேட்டர் திண்டிவனத்தில் மட்டும் கொதிக்க ஆரம்பித்தது. மார்கழிக் குளிரிலும் கொதிக்கும். அந்த வருஷ மல்லாட்டை விற்றதும் அண்ணி, "பேஜாரு புடிச்ச ரேடியேட்டர மொதல்ல மாத்து தம்பி, ரோட்டுல நின்னு நீ கஷ்டப்படற" என்று புது ரேடியேட்டருக்கு ஏற்பாடு செய்துவிட்டார். மாட்டினேன். வேறு வழியில்லாமல் அடுத்த வாரமே வாட்டர் பம்பு கெட்டது. அப்புறம் ஃபேன் பெல்ட். அந்த வண்டியில் நான் வாயாலேயே மாற்றாத பாகம் இல்லை. இதைச் சொல்லி நண்பர்களைச் சிரிக்கவைத்திருக்கிறேன். சிரிக்கவைத்தது இந்த இடம் வரைக்கும்தான். மேற்கொண்டு யாரிடமும் சொன்னதில்லை.

எண்பதுகளின் நடுவில், ரொம்ப வருஷமாக நடக்காமல் கிடந்த பஞ்சாயத்துத் தேர்தலை நடத்தினார்கள். அண்ணன் யூனியன் தலைவருக்கு நின்றார். நின்ற மூன்றாம் நாளே திண்டிவனத்து வீடு ஊர் வாயில் விழுந்தது. எதிர்த்து நின்றவரின் ஆட்கள் சும்மா இருப்பார்களா.

ஆம்பளைகள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டீக்கடையில் ஒருத்தர், "ஆம்பள சேத்தக் கண்டா மிதிப்பான், தண்ணியக் கண்டா கழுவுவான்" என்றார். இன்னொருத்தர், "ரெண்டு வூட்ட சமாளிக்கறவன் ஒரு யூனியன சமாளிக்கமாட்டானா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, டிரிப் ஷீட்டில் எழுதிக்கொண்டேன்.

பெண்கள் வைத்திருந்த தராசு வேறு. அவர்கள் அண்ணனைப் பற்றிக் கேட்கவே இல்லை. "ஏன், அந்தம்மா வர்லியா?" என்றுதான் கேட்டார்கள். போகிற ஊரெல்லாம் இதே கேள்வி. எதிர்த்து நின்றவர் தினமும் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஜீப்பில் வந்தார். அவர் கைநீட்டுகிற ஆள் என்று அவர் தெருவுக்கே தெரியும். அந்தம்மா இடது கண்ணுக்குக் கீழே மட்டும் பவுடரை அப்பிக்கொண்டு வருவார். ஆனாலும் இரண்டு பேரும் ஜோடியாக இறங்கினால் ஆரத்தித் தட்டு தானாக வந்தது. "பாரேன், எப்படிச் சேர்ந்து வர்றாங்க" என்று சொன்ன பெண்களை நானே பார்த்தேன். பெண்டாட்டி கூட வந்தால் புருஷன் உத்தமன். அவள் வீட்டில் இருந்துவிட்டால் இவனிடம் ஏதோ கோளாறு. ஓட்டு அப்படித்தான் சாய்ந்தது.

"அவளக் கூட்டினு வந்தாத்தான் கரையேற முடியும்போல" என்றார் அண்ணன் என்னிடம். அதோடு இன்னொன்றும் சொன்னார்: "ஜெயிச்சா நான் ஜீப்பு வாங்கிக்கறேன். இந்த வண்டி உனக்கு. டாக்சியா ஓட்டிப் பொழச்சுக்கோ." வண்டியின் பானெட்டைத் தட்டிக்கொண்டே சொன்னார். எனக்கு அந்த வண்டியின் ஒவ்வொரு நட்டும் தெரியும். நிஜத்தில் அதற்கு ஒரு கோளாறும் கிடையாது என்பதும் எனக்குத்தானே தெரியும்.

அண்ணி வந்தார். அவர் பேசத் தெரிந்தவர் இல்லை. நெல் அவித்துக் காய்த்துப்போன கைகள். மேடையில் ஏறமாட்டார். குங்குமத் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவார். அடுப்படிவரை போய், "இன்னாம்மா கொழம்பு?" என்று கேட்பார். கேப்பைக் கூழ் கொடுத்தால் முகம் சுளிக்காமல் குடிப்பார். மோர் மிளகாய் நன்றாக இருந்தால் இன்னொன்று கேட்டு வாங்குவார். நாலே நாளில் பேச்சு திரும்பிவிட்டது. "இப்படி ஒரு பொண்டாட்டி இருக்கறவன் இன்னொரு எடத்துக்குப் போவானா?" என்றார்கள். இதைத்தான் என் மருமகள் இப்போது வேறு மாதிரி சொன்னாள்.

ஒரு காலனி மட்டும் அசையவில்லை. அண்ணனின் ஊரிலிருந்து மூன்று மைல். அங்கே பச்சையம்மா என்று ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், களையெடுப்புக்கும் நடவுக்கும் ஆள் கூட்டிப்போகிறவர். அவர் சொன்னால் வேலைக்கு வருகிற அத்தனை பெண்களும் ஒரே மாதிரி குத்துவார்கள். எங்கள் காரைக் கண்டதும் நடவுச் சேறு காலில் காயாமலேயே வரப்பில் ஏறி வந்தார். கூடவே ஒரு கூட்டம்.

வணக்கம், குங்குமம் எல்லாம் ஆயிற்று. பச்சையம்மா அண்ணியைப் பார்த்துச் சொன்னார்: "உன் வூட்டுக்காரருக்குத் திண்டிவனத்துல இன்னொரு வூடு இருக்குதுன்னு சொல்றாங்கம்மா."

ஓட்டு நேரத்தில் மட்டும்தான் காலனியிலிருந்து இந்த 'நீ' வரும். மற்ற நாளெல்லாம் 'நீங்க'தான். அண்ணன் முந்திக்கொண்டு, "எவனோ கட்டிவுட்ட கதை. நான் வேணா கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்றேன்" என்றார்.

"நீ அணைக்கவேணாம்யா. ஆம்பள சத்தியம் ஓட்டுப் பெட்டி போறவரைக்கும். அந்தம்மா அணைக்கட்டும். எங்க ஆத்தா கோயில்லயே அணைக்கட்டும்."

உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி, எரியும்போதே உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு கோர்ட்டு கிடையாது. பொய்யாக அணைத்தவர் குடும்பம் துளிர்க்காது என்பார்கள். ஊர்க்காரப் பெண் ஒருத்தி காலனி மாரியம்மன் கோயிலுக்குள் காலை வைத்ததாக அதுவரைக்கும் நான் கேட்டதில்லை. அண்ணனோடு வந்த நாலு பேர், "இதெல்லாம் ஒத்துக்கக்கூடாது" என்று முணுமுணுத்தார்கள். அண்ணி அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"சித்த இருங்க, தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் காருக்கு வந்தார்.

நான் தண்ணிக் கூஜாவை எடுத்துக் கொடுத்தேன். வாங்கினார், குடிக்கவில்லை. "தம்பி, நீதான் வண்டி ஓட்டற. எனக்கு ரெண்டு ஆம்பளப் புள்ளைங்க. அந்தக் கோயில்ல கைய வைக்கப்போறேன். நீ சொல்லு. வண்டி ஏன் அங்க நிக்குது?"

வேப்பமரத்தடியில் அண்ணன் நின்றிருந்தார். அவர் என்னைப் பார்த்து ஜாடை காட்டினார் என்று சொல்லிக்கொள்ள எனக்கு எவ்வளவோ ஆசை. காட்டவில்லை. வேட்டி நுனியை உதறிக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் என்னை மிரட்டவில்லை. 'எனக்குத் தெரியாது அண்ணி' என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்தான், ஆனால் அவர் அணைத்திருக்கமாட்டார். என் கை பானெட்டின் மேல் இருந்தது. இந்த வண்டி இனி எனக்கு என்று நினைத்தேன். அதை நினைத்தேன் என்பதை இவ்வளவு வருஷமும் என்னிடமே நான் மறைத்துவந்தேன்.

"ரேடியேட்டர்தான் அண்ணி. புதுசு மாட்டியும் கொதிக்குது. வேற ஒண்ணும் இல்ல. நான் கூடவே இருக்கறவன், எனக்குத் தெரியாதா?"

அண்ணி என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு கூஜாத் தண்ணியை வாயில் ஊற்றிக்கொண்டார். "அது போதும் தம்பி" என்றார்.

கோயில் என்பது ஆள் உயரத்துக்கு ஒரு மண்டபம், அவ்வளவுதான். பச்சையம்மா வெற்றிலையில் நாலு கட்டி கற்பூரம் வைத்து ஏற்றினார். அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். "என் வூட்டுக்காரருக்கு வேற பொம்பள கிடையாது, வேற வூடும் கிடையாது. ஆத்தா மேல ஆணை" என்று சொல்லி, ஈ அடிப்பது போலக் கூட இல்லாமல், குழந்தையைத் தட்டிக்கொடுப்பது போல மெதுவாகக் கையை வைத்து அழுத்தினார். மெதுவாக வைத்தால்தான் சுடும். பச்சையம்மா அவர் கையைத் திருப்பிப் பார்த்து, கரியைத் தன் முந்தானையால் துடைத்தார். "போதும்மா. எங்க ஓட்டு உனக்குத்தான்" என்றார். அண்ணனுக்கு என்று சொல்லவில்லை பாருங்கள்.

அண்ணன் ஜெயித்தார். அந்தக் காலனிப் பெட்டி முழுக்க அவருக்குத்தான் விழுந்திருந்தது என்று பேசிக்கொண்டார்கள். ஜீப்பு வர நாளாகும் என்று காரும் நானும் அப்படியே இருந்தோம். திண்டிவனத்தில் நிற்பதும் நிற்கவில்லை.

இனிமேல் நான் சொல்வதை நம்பாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த சித்திரையில், அண்ணியை விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்திலிருந்து ஊருக்குக் கூட்டிப்போகும்போது, கார் நிஜமாகவே கொதித்தது. திண்டிவனம் ஊருக்குள் நுழைந்ததும் ஊசி சிவப்பில் போய் நின்றது. எப்படியாவது ஊரைத் தாண்டிவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். தையல் அம்மா வீட்டுக்கு நாலு கடை முன்னால் ஆவி அடித்து வண்டி நின்றுவிட்டது. பானெட்டைத் திறந்துவிட்டு எதிர் சைக்கிள் கடையில் ஒரு வாளித் தண்ணி கேட்டு வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், அந்தக் குழந்தை ஓடிவருகிறது. ஐந்து வயதுக் குழந்தை. அதற்கு அந்த வெள்ளைக் காரைத் தெரியாதா?

"மாமா" என்று என் காலைக் கட்டிக்கொண்டது. அப்புறம் முன் கதவைத் தானே திறந்து, சீட்டில் முட்டி போட்டு ஏறி, டேஷ்போர்டைத் திறந்து உள்ளே கையை விட்டது. அங்கே எப்போதும் அதற்காக ஒரு வர்க்கி பிஸ்கட் பொட்டலம் வைத்திருப்பேன். அன்றைக்கும் இருந்தது. பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே பின்னால் திரும்பிப் பார்த்தது. கல்யாணப் பூவோடு அண்ணி உட்கார்ந்திருந்தார்.

அண்ணி அந்த முகத்தையே பார்த்தார். மூக்கைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "உம் பேரு இன்னா கண்ணு?"

குழந்தை பேரைச் சொல்லிற்று. அது அண்ணனுடைய அம்மாவின் பேர். மகனுக்குப் பெண் பிறந்தால் அம்மா பேரை வைப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். அண்ணிக்கு இரண்டும் பையன்கள், அந்தப் பேர் வைக்க இடமில்லாமல் கிடந்தது.

"நல்ல பேருதான்" என்றார் அண்ணி. "எங்க மாமியார் பேரு. நான் வாயால சொல்லக்கூடாது."

நான் வாளியோடு நின்றேன். குழந்தை ஒரு வர்க்கியை அவர் பக்கம் நீட்டியது. அண்ணி வாங்கிக்கொண்டார். அவர் அதைத் தின்றாரா, மடியில் வைத்துக்கொண்டாரா என்று நான் பார்க்கவில்லை. ரேடியேட்டரில் தண்ணி ஊற்றுகிற சாக்கில் பானெட்டுக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். பானெட்டை மூடும்போது குழந்தை போய்விட்டிருந்தது. "ஆறிடுச்சா?" என்று கேட்டார். "ஆறிடுச்சு அண்ணி." "அப்போ போலாம்." திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், திட்டவுமில்லை.

வீட்டில் சண்டை நடந்ததா என்று எனக்குத் தெரியாது. அடுத்த செவ்வாய்க்கிழமை, "வண்டிய எடு, காலனிக்குப் போவணும்" என்றார் அண்ணி.

பச்சையம்மாவும் பத்துப் பதினைந்து பெண்களும் கோயிலுக்குப் பக்கத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் நடுவில் போய் நின்றார். நான் கார் கதவைப் பிடித்தபடி பத்தடி தள்ளி நின்றேன்.

"அன்னைக்கு நான் அணைச்சது பொய்ச் சத்தியம்" என்றார். "அவருக்குத் திண்டிவனத்துல வூடு இருக்குது. ஒரு பொண்ணும் இருக்குது. உங்ககிட்ட சொல்லாம எனக்கு சோறு எறங்கல."

பச்சையம்மா மடியிலிருந்த தொலியைத் தட்டிவிட்டு எழுந்தார். "தெரிஞ்சு அணைச்சியா, தெரியாம அணைச்சியா?"

இந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருந்தது. தெரியாமல் அணைத்தால் பாவம் பொய் சொல்லி அணைக்கவைத்தவனுக்கு. அங்கே இருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். அண்ணி என் பக்கம் திரும்புவார், கையை நீட்டிக் காட்டுவார் என்று காத்திருந்தேன்.

"தெரிஞ்சுதான் அணைச்சேன்" என்றார் அண்ணி.

ஏன் அப்படிச் சொன்னார்? என்னைக் காப்பாற்றவா? புருஷனும் டிரைவரும் சேர்ந்து ஏமாற்றிய பெண்டாட்டி என்று அவர்கள் முன்னால் நிற்பதைவிட, பொய்ச் சத்தியம் செய்தவள் என்று நிற்பது மேல் என்று நினைத்தாரா? இத்தனை வருஷம் யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. எதுவாக இருந்தாலும், பத்தடிதான். 'இல்லம்மா, நான்தான் சொன்னேன்' என்று ஒரு வார்த்தை. ஊர் முழுக்கப் பேசித் திரிந்த வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

பச்சையம்மா பேசினார். ஓட்டு முடிந்து மாசங்கள் ஆகியும் அவர் 'நீ' என்றுதான் பேசினார். "அவரு பண்ணதுக்கு நாங்க ஒண்ணும் சொல்லமாட்டோம். ஆம்பளைங்க அப்படித்தான். அவரப் பாத்தா நாங்க ஓட்டுப் போட்டோம்? உன் மொகத்தப் பாத்துப் போட்டோம். நீ எங்க ஆத்தா முன்னால கைய வச்சியேம்மா. இனிமே இங்க வராத."

அண்ணி தலையை ஆட்டினார். கும்பிட்டார். வந்து காரில் ஏறிக்கொண்டார்.

கதை அதோடு நிற்கவில்லை, சுற்றுப்பட்டு ஊரெல்லாம் பரவியது. திண்டிவனத்து வீட்டை ஜனங்கள் ஒரு மாசத்தில் ஜீரணித்துவிட்டார்கள். அண்ணனுக்கு மாலை போடுவது குறையவில்லை. "வூட்டுல அப்படி ஒரு பொய்காரி இருந்தா அவரு இன்னா பண்ணுவாரு, வெளியதான் போவாரு" என்று ஒருத்தி கிணற்றடியில் சொன்னதை நானே கேட்டேன். அதை நான் எழுதிவைத்துக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் எதையுமே எழுதிவைக்கவில்லை. ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது அக்கம்பக்கத்தில் அண்ணியை முதல் கரண்டிக்குக் கூப்பிடுவார்கள். அந்த வருஷத்திலிருந்து கூப்பிடவில்லை. கற்பூரத் தட்டை அவர் பக்கம் கொண்டுவரும்போது சில பெண்கள் கொஞ்சம் வேகமாக நகர்ந்துவிடுவார்கள். அவரும் கையை நீட்டமாட்டார்.

ஜீப்பு வந்த அன்று கார் சாவியை அண்ணிதான் என்னிடம் கொடுத்தார். "எனக்கு வேணாம் அண்ணி" என்றேன். ஒப்புக்குத்தான் சொன்னேன்.

"எடுத்துக்கோ. உனக்குத் தர்றேன்னு அவரு சொன்னாரில்ல. இந்த வண்டிய வச்சுப் பேசினதுல ஒரு வார்த்தையாவது நெசமா இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். என்னைப் பற்றி அவர் சொன்ன ஒரே வார்த்தை அது. கோபமில்லாமல் சொன்னார். நான் சாவியை வாங்கிக்கொண்டேன். விழுப்புரம் ஸ்டேஷன் ஸ்டாண்டில் அந்த வண்டியைப் போட்டுத்தான் ஒன்று இரண்டானது, கல்யாணமானது, இந்தச் சின்னத் தெருவில் வீடானது.

அந்த ரோடே இப்போது இல்லை. நாலு வழிச் சாலையாக்கி மேலே பாலம் போட்டுவிட்டார்கள். தையல் அம்மா வீடும் சைக்கிள் கடையும் அதில் போயின. அதற்கு முன்பே அவர் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பாண்டிச்சேரிப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. மண்டியை விற்றாயிற்று. அண்ணன் போய்ப் பல வருஷம். அண்ணி போய் ஆறு வருஷம். சாவுக்குப் போயிருந்தேன். வெற்றிலை மடித்து வைத்திருந்த அந்தக் கையைப் பார்க்காமல் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மருமகள் அந்த வார்த்தையைச் சொன்னதற்கு மறுவாரம், திண்டிவனத்துக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து, காலனிக்குப் போனேன். கோயிலில் டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். பச்சையம்மா வீடு எது என்று கேட்டபோது ஒரு மாடி வீட்டைக் காட்டினார்கள். வாசலில் ஒரு சின்னப் பெண், கம்பெனி யூனிபார்ம் போட்டுக்கொண்டு, வேன் வருகிறதா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பச்சையம்மா இருக்காங்களாம்மா?"

"ஆயா செத்து அஞ்சு வருஷம் ஆவுதுங்க. நீங்க யாரு, ஓட்டு கேட்டு வந்தீங்களா?"

"இல்லம்மா. அவங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு வந்தேன். அந்தக் காலத்துல இந்தக் கோயில்ல ஒரு அம்மா வந்து கற்பூரம் அணைச்சாங்க. தெரிஞ்சு பொய்யா அணைச்சாங்கன்னு பேசினாங்க. அப்படி இல்ல. அவங்களுக்குத் தெரியாது. பொய் சொன்னவன் நான்."

வேன் ஹாரன் அடித்தது. அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, மரியாதையாகத்தான் கேட்டாள்:

"எந்த அம்மாங்க?"